விளையாட்டுக் கட்டைகளில் வேகக் கார்கள்

தருமபுரி மாவட்டம் என்றதும் அதியமானும் ஒளவையும் நம் நினைவிற்கு வருவர், ஒகேனக்கல் அருவி வரும், வறட்சியும் வரும். மோட்டார் வண்டி எவர் நினைவிற்கும் வருவதில்லை. ஆயினும் 1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவான அம்மாவட்டம், 2004 பிப்ரவரியில் கிருட்டிணகிரி தனி மாவட்டமாகும் வரையில் ஓசூரையும் தன்னகத்தே கொண்டிருந்தது. அசோக் லேலண்டு நிறுவனம் 1980-இல் தொழிற்சாலை அமைத்ததும், அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி பிறந்ததும் அந்த ஓசூரிலேதான். நாடெங்கும் ஓடிய வண்டிகள் இம்மாவட்டத்தின் முகவரியோடு வெளிவந்த காலம் ஒன்று இருந்தது.

பெரிய வண்டிகள் பிறந்த மண்ணிலிருந்து சிறிய வண்டிகளைப் பற்றிப் பேசுவது பொருந்தாமற் போகாது. நாம் இங்கு எடுத்துக்கொண்டது, பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்து, ‘சூப்பர் கார்’ எனப்படும் அதிவேகக் கார்களை உள்ளுறுப்புகளோடு சிறிய உருவில் அமைக்கும் கலையின் வரலாறாகும்.

சிறுபிள்ளை விளையாட்டுக்கு வரலாறு ஒரு கேடா என்று முகம் சுளிப்பாரும் உளர். அவர்களுக்கு விடை கூற நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. போர்ப் பயணமொன்றிலிருந்து திரும்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களிடையே ஒரு குதிரையைக் கண்டார்கள். அதற்குத் துணியாலான இரண்டு இறக்கைகள் இருந்தன. குதிரைக்கு இறக்கையா எனப் பெருமானார் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூறினார்கள். அதுகேட்டுப் பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு பதிந்து வைத்துள்ளது. அக்காலத்தின் அதிவேக ஊர்தி குதிரையன்றோ? அதற்கும் மேலாக இறக்கையைத் தைத்துப் பார்த்தது ஒரு சிறுமியின் கற்பனை. அந்தக் கற்பனைக்குக் கிடைத்தது ஏச்சு அன்று, சிரிப்பு.

இனி, கட்டைகளின் கதைக்கு வருவோம். உறுப்புகளைப் பூட்டி எந்திர உருவங்கள் செய்யும் விளையாட்டை உலகெங்கும் பரப்பியவர் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி. சம இடைவெளியில் துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டும் முறைக்கு அவர் 1901-இல் காப்புரிமை பெற்றார். ‘மெக்கானோ’ என்ற பெயரில் அது புகழ் பெற்றது. டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய ‘லெகோ’ நிறுவனம் 1949-இல் பிளாஸ்டிக் கட்டைகளை வெளியிட்டது. அக்கட்டையின் மூலக் கருத்து அவர்களுடையதன்று. இங்கிலாந்தின் ஹிலாரி பேஜ் என்பவர் முன்னரே செய்திருந்த கட்டையைப் பார்த்து அமைத்ததே. ஆனால் அந்தக் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றவில்லை. அடுக்கினால் எளிதில் சரிந்தன. கட்டையின் அடிவயிற்றில் குழல்களை அமைத்து, மேற்குமிழ்கள் அவற்றிடையே இறுகப் பொருந்துமாறு செய்த திருத்தத்திற்கு நிறுவனரின் மகன் காட்ஃபிரெட் 1958 சனவரி 28-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அன்று வார்த்த கட்டையோடு இன்று வார்க்கும் கட்டையும் பொருந்தும். அச்சுகளின் துல்லியம் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கினும் நுண்ணியது.

வீடும் கோபுரமும் கட்டிக்கொண்டிருந்த இக்கட்டைகள் எந்திரமாக மாறியது 1977-இல். ‘டெக்னிக்’ என்னும் வரிசை அவ்வாண்டில் வெளிவந்தது. துளையுள்ள தண்டுகள், சிலுவை வடிவ அச்சுகள், 8, 24, 40 பற்கள் கொண்ட சக்கரங்கள் ஆகியவை அதன் உறுப்புகள். முதல் ஆண்டிலேயே ஒரு காரின் அடிச்சட்டமும் வெளியாயிற்று. அதற்கு மேற்கூடு இல்லை, வண்ணப் பூச்சில்லை, ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்கள் திரும்பின, வண்டியைத் தள்ளினால் நான்கு பிஸ்டன்கள் ஏறி இறங்கின. கூடு பின்னரும் வரலாம், எலும்பு முதலில் என்ற அந்தத் துணிவை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

1994-இல் வந்த ‘சூப்பர் கார்’ என்ற பெயர் தாங்கிய மாதிரியே இத்துறையின் மைல்கல். 1,343 உறுப்புகள், நான்கு சக்கரங்களுக்கும் விசை, நான்கு சக்கரங்களும் திரும்பும், நான்கு கியர்கள், எட்டு சிலிண்டர் எஞ்சின். அதன்பின் மெய்யான கார்களின் பெயர்களே வரத் தொடங்கின. 2016-இல் போர்ஷே, 2018-இல் புகாட்டி சிரோன், 2020-இல் லம்போர்கினி சியான், 2022-இல் ஃபெராரி என வரிசை நீண்டு, உறுப்புகளின் எண்ணிக்கை நாலாயிரத்தை நெருங்கிவிட்டது. சிரோன் காரை 2018-இல் முழு அளவிலேயே செய்து காட்டினர். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்புகளும் 2,304 சிறு மின்மோட்டார்களும் கொண்ட அவ்வண்டி ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுடன், ஆளை ஏற்றிக்கொண்டு மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. உள்ளே எஃகுச் சட்டம் தாங்கி நின்றதென்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு அந்த ஆரவாரத்தில் பெரிய நாட்டமில்லை. மேசையளவு மாதிரியிலேயே சிந்தனை மிகுதி.

அந்தச் சிந்தனை எவ்வாறு நடக்கிறது? தாமே வடிவமைப்பவர் முதலில் தேடுவது சக்கரத்தை. மற்ற உறுப்புகளை எப்படியும் கூட்டிக் குறைக்கலாம்; டயரை மட்டும் கிடைக்கும் அளவிலேயே எடுத்தாக வேண்டும். டயரின் விட்டத்தை மெய்யான காரின் சக்கரத்தோடு ஒப்பிட்டால் மாதிரியின் அளவு விகிதம் கிடைத்துவிடும். மெய்யான சிரோன் 4,544 மில்லிமீட்டர் நீளமும் 2,038 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதை எட்டில் ஒரு பங்காக்கினால் 568-உம் 255-உம் வரும். கட்டையில் குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். ஆகவே நீளம் 71 குமிழ், அகலம் ஏறத்தாழ 32 குமிழ். இந்தப் பெட்டிக்குள் எஞ்சின், கியர் பெட்டி, ஸ்டியரிங், சக்கரங்களைத் தாங்கும் வில்கள் யாவும் அடங்க வேண்டும். வளைவான உடலை நேர்க்கோட்டுத் துண்டுகளால் காட்டுவது அதனினும் கடினம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மெல்லிய தகட்டுக் கட்டையின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். அது சரியாக இரண்டு குமிழ் அகலம். எனவே கட்டைகளைப் பக்கவாட்டில் சாய்த்துக் கோத்தாலும் அளவு தவறாது. கதவின் சரிவும் முகப்பின் கூர்மையும் இந்தச் சிறு கணக்கினால்தான் கைகூடுகின்றன.

பின்சக்கரங்களின் நடுவே ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பற்சக்கரக் கூடு அமர்கிறது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கினால் ஒன்று தேய்ந்து இழுபடும். நீராவி வண்டிக்காக 1827-இல் பிரான்சின் பெக்கர் என்பார் இதற்குக் கண்ட தீர்வு, இன்று குழந்தையின் உள்ளங்கையில் அடங்கும் மூன்று பற்சக்கரங்களாகக் கிடக்கிறது.

இங்கே வாசகர்களின் கவனத்திற்கு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறோம். மெய்யான காரில் பிஸ்டன் முன்னும் பின்னும் நகர்ந்து தண்டைச் சுழற்ற, அதனால் சக்கரம் ஓடுகிறது. கட்டைக் காரில் எரிபொருள் ஏது? கையால் தள்ளச் சக்கரம் சுழல்கிறது. அச்சுழற்சி கியர்களின் வழியே எஞ்சினுக்குச் சென்று பிஸ்டன்களை நகர்த்துகிறது. காரியமும் காரணமும் இடம் மாறிவிடுகின்றன. இவ்வாறு சுழற்சியிலிருந்து பிஸ்டன் அசைவைப் பெறும் அமைப்பை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே வரைந்து விளக்கியவர் நம்மவர் ஒருவர். அவர்தாம் பதீஉஸ்ஸமான் அபுல் இஸ் இஸ்மாயீல் அல் ஜஸரி.

தியார்பக்கிர் நகரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய அல் ஜஸரி, மன்னர் நாசிருத்தீன் மஹ்மூதின் விருப்பத்திற்கிணங்கத் தம் எந்திர நூலை ஹிஜ்ரி 602, கி.பி. 1206-இல் முடித்தார். அதில் ஐம்பது அமைப்புகள் உள்ளன. இந்திய யானையின் முதுகில் அமர்ந்த நீர்க் கடிகாரமும் அவற்றுள் ஒன்று. நீரிறைக்கும் எந்திரம் ஒன்றில், ஓடும் நீரால் சக்கரம் சுழல்கிறது. அதனால் ஒரு பற்சக்கரம் சுழல்கிறது. அதில் பதித்த முளை ஒரு கோலை இருபுறமும் அசைக்கிறது. கோலின் இருபக்கமும் உள்ள பிஸ்டன்கள் செப்பு உருளைகளுக்குள் மாறி மாறிச் சென்று நீரை மேலேற்றுகின்றன. ஓடையின் இடத்தில் குழந்தையின் கையை வையுங்கள். கட்டைக் கார் அதுவே.

ஆனால் அல் ஜஸரியின் பெருமை அந்த முளையில் மட்டும் இல்லை. அவர் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வரைந்து எழுத்தால் குறியிட்டார்; எதை எவ்வாறு வார்ப்பது, எதனோடு பொருத்துவது என்று முறையாக எழுதினார். சிக்கலான வடிவங்களை முதலில் காகிதத்தில் மாதிரியாகச் செய்து பார்க்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. தொழில் நுட்பத்தை மகனுக்கு மட்டும் காதோடு சொல்லிவிட்டுப் போன காலத்தில், முன்பின் அறியாத ஒருவர் செய்து பார்க்கட்டும் என்று எழுதினார். அந்த எண்ணம் வீண்போகவில்லை. டொனால்டு ஹில் என்ற பொறியாளர் 1974-இல் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1976-இல் லண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவின்போது, அவருடைய நீர்க் கடிகாரம் நூலைக் கொண்டே மீண்டும் கட்டப்பட்டு ஓடியது. இடையில் கழிந்தவை 770 ஆண்டுகள்.

தருமபுரி மண்ணோடு தொடர்புடைய மற்றோர் எந்திரப் பொம்மையின் விதி வேறாயிற்று. இப்பகுதி அன்று பாரமகால் எனப்பட்டது. ஹைதர் அலீக்கும் திப்பு சுல்தானுக்கும் உட்பட்டிருந்து, 1792-இன் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியாரிடம் சென்றது. அந்த இழப்பையொட்டிய ஆண்டுகளில்தான் திப்புவின் மரப்புலி உருவாயிற்று என்பர். ஐரோப்பியன் ஒருவனைக் கீழே வீழ்த்தி நிற்கும் அப்புலி 178 சென்டிமீட்டர் நீளமுடையது. கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும்; புலி உறுமும்; வீழ்ந்தவன் கை உயர்த்தி அலறுவான். புலியின் விலாவில் ஒரு சிறு இசைப்பெட்டியும் உண்டு. 1799-இல் திப்பு வீரமரணம் எய்தியபின் லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட புலி, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலப் பழுதுபார்ப்புகளில் குழல்கள் மாற்றப்பட்டமையால், சுல்தானின் செவியில் விழுந்த உறுமல் எத்தகையது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. புலி எஞ்சியது, அதைச் செய்தவர்கள் எழுதி வைத்த ஏடு எதுவும் அதனுடன் எஞ்சவில்லை.

கட்டைக் கார் இவ்விரண்டில் ஜஸரியின் வழியில் நிற்பது. பெட்டியைத் திறந்தால் கட்டைகளோடு ஒரு தடித்த ஏடும் இருக்கும். அதில் சொற்கள் மிக அரிது, படங்களே பேசும். இந்தப் படியில் எவ்வுறுப்பு, எத்தனை, எங்கே என்பதை எழுத்தறியாதவரும் கண்டுகொள்ளலாம். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே மிகக் குறைந்த எழுத்தறிவு, 68.5 விழுக்காடு, பெற்ற மாவட்டம் தருமபுரி என்பதை நினைக்கும்போது, சொல்லில்லாத ஏட்டின் பயன் நமக்கு விளங்குகிறது. அந்த ஏடுகளை நிறுவனமே இணையத்தில் விலையின்றி அளிக்கிறது. கட்டைகளின் விலையோ பல்லாயிரம் ரூபாய். போதாததற்கு, பொம்மைகளின் இறக்குமதி வரியும் 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்ந்தது. ஏடு எட்டிய தொலைவிற்குப் பெட்டி எட்டவில்லை.

ஆயினும் முழுக் கார் எதற்கு? மூன்று பற்சக்கரங்களும் இரண்டு அச்சுகளும் கிடைத்தால் பள்ளிக்கூடத் திண்ணையிலேயே டிஃபரன்ஷியலைச் செய்து காட்டிவிடலாம். அதற்கான கேள்வி நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. கோடையில் நுங்கைத் தின்றுவிட்டு, எஞ்சிய இரண்டு காய்களை ஒரு குச்சியின் இருமுனையிலும் இறுகக் குத்தி, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த நுங்கு வண்டி நேர்வழியில் பறக்கும். தெருமுனையில் திருப்பும்போது உட்பக்கத்துக் காய் மண்ணில் தேய்ந்து முரண்டு பிடிக்கும். வண்டிக்காரச் சிறுவன் கோலை உயர்த்தி, வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஓடுவான்.