ஏலக்காய்க்கு இருக்கும் போட்டி, பாலிசிக்கு இருக்கிறதா?

கொஞ்சம் நீளமான பதிவு. மருத்துவக் காப்பீடு கட்டுபவர்களும், கட்டலாமா என்று யோசிப்பவர்களும் கடைசி வரை படியுங்கள்.

சென்ற வாரம் சிலமலையில் இருந்து ஒரு அம்மா ஓபிக்கு வந்தார். ஜீப் ஏறி மலைக்குப் போய் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். பிபி மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்:

"சார், போன்ல ஒரு பய விடாம கூப்பிடுறான். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் போடுங்கன்னு. இப்ப நிறைய கம்பெனி வந்துருச்சாமே. போட்டுருவமா?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ஏன்னா என் வீட்டிலும் அதே பிரச்சினைதான்.

அப்பாவுக்கு 66 வயது. சுகர் உண்டு. இதயத்தில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. பல வருடமாகக் கட்டிவரும் பாலிசியின் பிரீமியம் இந்த முறை எகிறிவிட்டது. வேறு கம்பெனிக்கு மாற்றலாம் என்று இரண்டு இடத்தில் கேட்டோம். இரண்டு பேருமே முடியாது என்றுவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து பீரோவுக்குள் வைத்தேன். டிவி, லேப்டாப் எதுவும் தொடவில்லை. அப்பாவின் பாலிசிப் பத்திரத்தை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். எம்பிபிஎஸ் படித்த எனக்கே அரை நாள் ஆனது. அதே பத்திரம் போனில் வந்தபோது கட்டைவிரலால் தள்ளிவிட்டு "சம்மதம்" என்று அமுக்கியவனும் நான்தான்.

அதில் உள்ள நிபந்தனைகள் எப்படி வந்தன என்று தெரிய கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

போடிக்காரர்களுக்குப் போட்டி என்றால் என்னவென்று நான் சொல்லித் தர வேண்டாம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் ஒரு லாட் திரையில் வந்ததும், வியாபாரிகள் ஆளாளுக்கு விலையை ஏற்றுவார்கள். அந்த வியாபாரிகள் அத்தனை பேருக்கும் ஒரே முதலாளி என்றால் காய்க்கு என்ன விலை கிடைக்கும்?

நம் நாட்டில் தனிநபர் மருத்துவக் காப்பீடு அப்படித்தான் தொடங்கியது.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் இஎஸ்ஐ திட்டம் தொடங்கியது. ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்கானது. தினக்கூலிக்குப் போகிறவர் அதற்கு வெளியேதான் நின்றார்.

1973 ஜனவரி 1 அன்று பொதுக் காப்பீடு தேசியமயமானது. 107 கம்பெனிகள் இணைக்கப்பட்டு நான்கு ஆயின: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. நான்குக்கும் உரிமையாளர் ஜிஐசி. அதாவது அரசு.

1986இல் "மெடிகிளைம்" வந்தது. நான்கு கடையிலும் ஒரே சரக்கு. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது. மருத்துவமனைக்கு நீங்கள் கட்டிவிட்டு, பில்லைக் கொடுத்துப் பிறகு வாங்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம், அங்கும் அதேதான்.

1994இல் மல்ஹோத்ரா குழு, தனியாரை அனுமதிக்கலாம் என்றது. 1999இல் ஐஆர்டிஏ சட்டம் வந்தது. 2000இல் கதவு திறந்தது. 2006இல் மருத்துவக் காப்பீட்டை மட்டுமே விற்கும் முதல் கம்பெனி, ஸ்டார் ஹெல்த், நம் சென்னையில் இருந்து தொழிலைத் தொடங்கியது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் விற்கின்றன.

அப்புறம் என்ன, போட்டி வந்துவிட்டதே என்பீர்கள்.

வந்தது. ஆனால் யாருக்காக?

ஏலக்காயை யார் வாங்கினாலும் தோட்டக்காரருக்கு அதே பணம்தான். காப்பீட்டில் அப்படி இல்லை. வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் கம்பெனிக்குச் செலவு. 28 வயது ஆரோக்கியமான ஆள் லாபம். சுகரும் ஸ்டென்டும் உள்ள 66 வயது அப்பா நஷ்டம். அதனால் கம்பெனிகள் போட்டி போடுவது நோய் இல்லாதவரைப் பிடிக்க. மருத்துவச் சந்தை மற்ற சந்தை போல நடக்காது என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963லேயே விளக்கி எழுதிவிட்டார்.

கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. நோய் வந்த பிறகுதான் எல்லோரும் சேருவார்கள் என்றால் எந்தக் கம்பெனியும் நிற்காது. இதற்குச் சட்டத்தில்தான் வழி செய்ய வேண்டும். நெதர்லாந்தில் 2006 முதல் அடிப்படைக் காப்பீட்டுக்கு எந்தக் கம்பெனியும் யாரையும் மறுக்க முடியாது. நோயாளிகள் அதிகம் உள்ள கம்பெனிக்குப் பொது நிதியில் இருந்து ஈடு கிடைக்கும்.

இங்கே 2011இல் போர்ட்டபிலிட்டி வந்தது. கம்பெனி மாறினாலும், காத்திருந்த வருடங்கள் வீணாகாது. நல்ல விஷயம். ஆனால் புதுக் கம்பெனி உங்களை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்பா மாட்டியது இங்கேதான்.

இப்போது தமிழ்நாட்டுக் கதைக்கு வருவோம்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. நடத்தியது ஸ்டார் ஹெல்த். ஆட்சி மாறியதும் 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், யுனைடெட் இந்தியா மூலம். 2022இல் புதுப்பித்தபோதும் அதே கம்பெனிதான். குடும்பத்துக்கு வருடம் 849 ரூபாயை அரசு கட்டுகிறது. 5 லட்சம் வரை சிகிச்சை.

இங்கே போட்டி டெண்டரோடு முடிந்துவிடுகிறது. கம்பெனியை நோயாளி தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் சுகர் இருக்கா, வயசு என்ன என்று கேட்டு யாரையும் திருப்பி அனுப்புவதும் இல்லை. மருத்துவமனையை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். அரசு மருத்துவமனைக்கு வந்தால் அந்தப் பணம் எங்கள் மருத்துவமனைக்கு வரும்.

இருபது கம்பெனி உள்ள சந்தையில் அப்பாவுக்கு இடம் இல்லை. ஒரே கம்பெனி உள்ள திட்டத்தில் அந்த அம்மாவுக்கு இடம் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை முடிவோடு அந்த அம்மா நேற்று மறுபடி வந்தார். நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலில் முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு தேனி கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள்.

அந்த வரம்புக்கு மேல் இருப்பவர்கள், நோய் வருவதற்கு முன்பே, இளவயதில் எடுங்கள். இருக்கும் நோயை மறைக்காதீர்கள். இடையில் விடாமல் கட்டுங்கள். 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம். 5 வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபிக்காமல், எதையோ சொல்லவில்லை என்று கிளைமை மறுக்க முடியாது. கம்பெனி மாற்ற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள். மறுத்துவிட்டால் பழையதை விட்டுவிடாதீர்கள். அப்பாவுக்குக் கூடுதல் பிரீமியத்தைக் கட்டிவிட்டேன்.

முக்கியமாக, பத்திரத்தைக் காகிதத்தில் வாங்கி, ஒரு நாள் போனை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

அந்த அம்மாவிடம் அட்டை இருந்தது. ரேஷன் கார்டு கவருக்குள், வீட்டுக்காரர் பெயரில், பல வருடமாக.

"இதுக்குத்தானா சார் இது?" என்றார்.


ஒரு அரசு மருத்துவர், தேனி மாவட்டம்