முதலிடம் எதற்கு? தொடக்கப் பள்ளிப் பாடமுறையும் நம் மக்களும்

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கழகத்தின் தொண்டினைப் பாராட்டிப் பலரும் எழுதுவர். நாம் பள்ளியாசிரியர் ஆதலின், பள்ளியைப் பற்றிய வினா ஒன்றை எழுப்ப விழைகிறோம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தொடக்கப் பள்ளியின் கதவு திறக்கும்போது, அவ்வாண்டு எதற்கு முதலிடம் தருவது? அதனை முடிவு செய்வோர் யாவர்? கேட்பதற்கு இது சிறிய வினாவே. ஆயினும் நம் மக்களின் கல்வி வரலாறு பெரும்பாலும் இவ்வினாவைச் சுற்றியே நடந்துவந்துள்ளது.

மராட்டிய மண்ணில் சோதிராவ் பூலே 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் ஒரு விண்ணப்பம் அளித்தார். தொடக்கக் கல்வி கட்டாயமாக வேண்டும் என்று கேட்டதோடு அவர் நிற்கவில்லை. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுடன் வரலாறு, புவியியல், இலக்கணம், வேளாண்மை, உடல்நலம் ஆகியனவும் பாடங்களாக வேண்டும் என வகுத்துரைத்தார். பள்ளி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. பள்ளிக்குள் எது வேண்டும் என்பது மற்றொரு கோரிக்கை. இவ்விரண்டையும் அவர் ஒருங்கே வைத்தார்.

சென்னையில் கர்னல் ஆல்காட் 1894இல் நம் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். பிறர் கதவடைத்த காலத்தில் அவர் கதவைத் திறந்தார். அந்நன்றியை நாம் மறத்தல் தகாது. ஆயினும் அப்பள்ளிகளின் பாடமுறை தமிழ் எழுத்து, எளிய கணக்கு, சிறிதளவு ஆங்கிலம், சமையல், தையல் என்னும் அளவில் அமைந்தது. உயர்கல்விக்கு வழியமைப்பது அதன் நோக்கமன்று. அன்பினால் வகுக்கப்பட்ட பாடமுறையிலும் எல்லைக்கோடு ஒன்று இருக்கக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம். அக்கோட்டைக் கடந்து, பள்ளி ஆசிரியராகிப் பாடநூல்களும் எழுதிச் சட்டமன்றமும் புகுந்த எம். சி. ராஜா அவர்களை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து நாம் காண்பது 1953ஆம் ஆண்டு. இராஜாஜி அமைச்சரவை அவ்வாண்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொணர்ந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பயிலுதல். பள்ளிகள் குறைவு, ஆசிரியர் குறைவு, ஆதலால் ஒரே கட்டடத்தில் இருமுறை வகுப்பு நடத்தலாம் என்பது அரசின் வாதம். ஆனால் செருப்புத் தைப்பவரின் மகன் எத்தொழிலைப் பயில்வான்? துப்புரவுத் தொழிலாளியின் மகள் எதனைக் கற்பாள்? குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டுப் பெரியார் கிளர்ந்தெழுந்தார். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. இராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், அடுத்த மாதமே அத்திட்டத்தைக் கைவிடச் செய்தார்.

இவ்வரலாறு வீரபாண்டிக்கு எவ்வாறு பொருந்தும் என வினவலாம். இங்குக் குலத்தொழிலின் இடத்தில் பனியன் கம்பெனி வந்து நிற்கிறது. கைமடிக்கச் சென்ற சிறுவன் பவர்டேபிளில் அமர்வதும், வாரக் கூலி கையில் புரண்டதும் பள்ளியை மறப்பதும் நாம் கண்ட காட்சிகள். சட்டமும் மக்களின் விழிப்பும் இந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளன. எனினும் ஐந்தாம் வகுப்பு முடித்தும் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலாத குழந்தைக்கு, கம்பெனியின் வாயில் என்றும் அருகிலேயே இருக்கிறது.

இன்று அந்த முதல் வினாவிற்கு விடை கூறும் உரிமை பெற்றோருக்கும் உண்டு. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அக்குழுவே வகுக்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டம், அதனுள் ஆண்டிற்கொன்றாக மூன்று உட்திட்டங்கள். பாடத்திட்டத்தை வகுப்பது அரசின் பொறுப்பே. ஆயினும் அதனுள் இவ்வாண்டு எதனை முன்னிறுத்துவது என்பது பள்ளியும் பெற்றோரும் கூடிப் பேச வேண்டிய பொருள்.

நாம் பணியாற்றிய பள்ளியொன்றில் நடந்ததைக் கூறுவோம். ஆண்டுத் தொடக்கக் கூட்டத்தில் ஆண்டு விழா, சுற்றுச்சுவர், கணினி எனப் பலவும் பேசினோம். செக்கிங் வேலைக்குச் செல்லும் தாய் ஒருவர் எழுந்து, "ஐயா, என் கூலிச் சீட்டை என் மகள் படித்துக் கணக்குச் சரியா என்று சொல்ல வேண்டும், அது போதும்" என்றார். நாம் நாணினோம். அவ்வாண்டு வாசிப்பும் நான்கு அடிப்படைக் கணக்குகளும் முதலிடம் பெற்றன. நாள்தோறும் முதல் ஒரு மணி நேரத்தை, குழந்தை எவ்வகுப்பில் இருக்கிறது என்று பாராமல், அதன் நிலை அறிந்து கற்பிக்க ஒதுக்கினோம். 2022இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தையின் நிலையறிந்தே கற்பிக்கச் சொல்கிறது.

அத்தாய் கேட்டது குலக்கல்வியன்று. தொழிலுக்காகப் பிள்ளையைப் பழக்குவது வேறு. தொழிலில் ஏமாறாதிருக்க எண்ணையும் எழுத்தையும் கைவரப் பெறுவது வேறு. முன்னது கதவை மூடும்; பின்னது திறக்கும். ஆயினும், "அது போதும்" என்ற அவர் சொல்லை மட்டும் நாம் ஏற்க இயலாது. அது தொடக்கமே, அதன்மேல் அறிவியலும் ஆங்கிலமும் வரலாறும் ஏறி நிற்க வேண்டும்.

இளைஞர்களே! 2024இல் மாற்றியமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. நீங்கள் பயின்ற பள்ளிக்குச் செல்லுங்கள். கூட்டத்தில் அமருங்கள். இவ்வாண்டு எத்தனை குழந்தைகள் தாமே படிக்கின்றனர் என்று கேளுங்கள். படியாதவர்க்கு மாலையில் ஒரு மணி நேரம் தாருங்கள். நம் பிள்ளைகள் எதனைக் கற்க வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்த காலம் ஒன்றிருந்தது. அக்காலம் மீளாதிருக்க, ஜூன் மாதக் கூட்டத்தில் நம் நாற்காலி வெறுமையாக இருத்தல் ஆகாது.