பதிப்பெண் சொல்லாத செய்தி: ஹார்ட்பிளீடும் பல இயங்குதள வழங்கிகளும்

மென்பொருள் திருத்தத்திற்குப் ‘பேட்ச்’ என்னும் பெயர் துளையிட்ட காகித நாடாக்களின் காலத்தில் தோன்றியது. பிழையாக இடப்பட்ட துளைகளின்மேல் சிறு துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடுவர். அந்த ஒட்டே பின்னர் திருத்தத்திற்குப் பெயராயிற்று. 1985இல் லாரி வால் எழுதிய ‘பேட்ச்’ நிரலால், மாற்றமுற்ற வரிகளை மட்டும் அனுப்பித் தொலைவிலுள்ள மூலநிரலைத் திருத்துவது எளிதாயிற்று. ஆயினும், எந்தக் கணினி திருத்தம் பெற்றது, எது பெறவில்லை என்று அறிவது எளிதாகிவிடவில்லை. 2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை இதற்குத் தக்க சான்று.

ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்த இப்பிழையின் வழியே, ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை வழங்கியின் நினைவகத்தைப் பிறர் படிக்க இயன்றது. ஏப்ரல் 7 அன்று பிழை அறிவிக்கப்பட்டது, திருத்திய 1.0.1ஜி பதிப்பும் அன்றே வெளியாயிற்று. மறுநாள், மைக்ரோசாஃப்ட் 2003 முதல் கடைப்பிடித்துவரும் மாதத்தின் இரண்டாம் செவ்வாய். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்ற நாளும் அதுவே. பழையதே ஆபத்து என்னும் எண்ணம் மேலோங்கியிருந்த வாரம் அது.

ஹார்ட்பிளீட் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது. 0.9.8 பதிப்பைக் கொண்ட பழைய ரெட்ஹேட் 5 வழங்கிகளில் இப்பிழை இல்லை. புதிய ரெட்ஹேட் 6.5, டெபியன் 7 ஆகியவற்றில் இருந்தது. விண்டோஸின் சொந்தக் குறியாக்க நூலகம் பாதிக்கப்படவில்லை. ஆயின் விண்டோஸின்மேல் நிறுவப்பட்ட பிற மென்பொருள்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்லை உடன்கொண்டு வந்திருக்கக்கூடும்.

பதிப்பெண்ணை நம்பியோர்க்கு மேலும் ஒரு சிக்கல் நேர்ந்தது. டெபியனும் ரெட்ஹேட்டும் புதிய பதிப்பிற்கு மாறாமல், தாம் வழங்கிவந்த 1.0.1இ பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்த்தன. ஆதலால் திருத்தத்திற்கு முன்னும் பின்னும் நூலகத்தின் பதிப்பெண் 1.0.1இ என்றே நின்றது. தொகுப்பெண்ணின் இறுதிப் பகுதி மட்டுமே மாறியது. திருத்தத்தை நிறுவிய பின்னரும், மறுதொடக்கம் செய்யப்படாத சேவைகள் நினைவகத்திலிருந்த பழைய நூலகத்தையே பயன்படுத்தின. முன்னரே கசிந்திருக்கக்கூடிய மறைச்சாவிகளையும் சான்றிதழ்களையும் தனியே மாற்ற வேண்டியிருந்தது.

திருத்த மேலாண்மையின் வரலாறு பெரும்பாலும் விரைவின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஹார்ட்பிளீடின்போது திருத்தம் அறிவிப்பு வந்த நாளிலேயே கிடைத்தது. நிறுவனங்களிடம் இல்லாதிருந்தது, எந்த வழங்கியில் எந்த நூலகம், யாருடைய தொகுப்பாக, இயங்கும் நிலையில் உள்ளது என்னும் பதிவேடே. அப்பதிவேடு இல்லாத இடத்தில் ‘நிறுவப்பட்டது’ என்னும் குறிப்பு பாதுகாப்பிற்குச் சான்றாகாது.