பார்ட்டொக்கின் பியானோவும் றுமேனிய நத்தார்ப் பாடல்களும்

மரபுவழி நத்தார்ப் பாடல்களைத் தனிப் பியானோவுக்கென அமைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிற் பெரிதும் வளர்ந்தது. நடுத்தர வகுப்பினரின் இல்லங்களிற் பியானோ இடம்பெற்றமை இதற்கு முக்கிய காரணம் எனலாம். தேவாலயத்திற் பலர் கூடிப் பாடியதை வீட்டில் ஒருவரே இரு கைகளாலும் இசைக்க முடிந்தது. பிரான்ஸ் லிஸ்ற் (1811 – 1886) இயற்றிய 'நத்தார் மரம்' இவ்வகையில் நன்கறியப்பட்டதாகும். 1882இல் வெளிவந்த இத்தொகுதியின் பன்னிரண்டு உருப்படிகளும் அவருடைய பேர்த்தி டானியெலாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டவை. இவற்றுட் சில பழைய இலத்தீன் நத்தார்ப் பாடல்களை அடியொற்றியவை.

லிஸ்ற்றின் மாணவரான இஸ்த்வான் தொமானிடம் பியானோ கற்றவர் ஹங்கேரியரான பேலா பார்ட்டொக் (1881 – 1945). அவர் 1915இல் 'றுமேனிய நத்தார்ப் பாடல்கள்' என்னும் தனிப் பியானோத் தொகுதியை இயற்றினார். ஆயின், அவர் தம் மெட்டுக்களை ஏட்டிலிருந்து எடுத்தாரல்லர். 1909 முதல் போனோகிராப் கருவியுடன் திரான்சில்வேனியக் கிராமங்களுக்குச் சென்று, உழவர் பாடியவற்றை மெழுகு உருளைகளிற் பதிந்தே அவற்றைப் பெற்றார்.

'கொலிந்தா' எனப்படும் இப்பாடல்களை இளைஞர் குழுக்கள் நத்தார்க் காலத்தில் வீடுவீடாகச் சென்று பாடுவர். குழு இரண்டாகப் பிரிந்து மாறிமாறிப் பாடுதலும் உண்டு. இவற்றுட் பலவற்றின் பொருள் கிறிஸ்து பிறப்பன்று. மானாக மாறிய வேட்டுவச் சகோதரரின் கதை போன்ற தொல்கதைகள் அவற்றில் நிலைத்துள்ளன. இந்நாட்டார் மரபினைத் தேவாலயப் பாடல் மரபின் கிளையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

பார்ட்டொக்கின் தொகுதி பத்துப் பாடல்கள் வீதம் இரு தொடர்களாய் அமைந்தது. இருபதையும் இசைக்கப் பதினைந்து நிமிடமும் ஆகாது. சில பாடல்களில் அட்சரக் கணக்கு இடையிடையே மாறும். அவற்றைச் சீரான தாளத்துள் அடக்கி, கேட்போருக்கு இனிதாக்கியிருத்தல் எளிது. பார்ட்டொக் அவ்வாறு செய்யவில்லை. மெட்டையும் அதன் ஒழுங்கற்ற நடையையும் பேணி, அம்மெட்டின் சுரங்களுக்கு இசைவான துணையொலிகளையே சேர்த்தார். பியானோ இங்கே பாடலுக்கு அணி பூட்டவில்லை. அதற்கு இடங்கொடுத்து நிற்கின்றது.

இது இயற்றப்பட்ட காலமும் மனங்கொள்ளத்தக்கது. திரான்சில்வேனியா அப்போது ஹங்கேரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கு வாழ்ந்த றுமேனியர் ஆளப்படுவோராயிருந்தனர். 1916இல் றுமேனியா ஒஸ்திரியா – ஹங்கேரிமீது போர் தொடுத்தது. 1920இல் திரியனோன் உடன்படிக்கை அப்பிரதேசத்தை றுமேனியாவுக்கு உரியதாக்கியது. அவ்வாண்டிலேயே, றுமேனிய நாட்டாரிசை பற்றி எழுதியமைக்காகப் பார்ட்டொக் ஹங்கேரியப் பத்திரிகைகளில் நாட்டுப்பற்றற்றவரெனத் தாக்கப்பட்டார். 1930களில் றுமேனியத் தரப்பிலிருந்தும் அவர் நடுநிலை தவறினாரென்ற கண்டனம் எழுந்தது. ஒருவருக்கு அவர் பகைவரைப் புகழ்ந்தவர்; மற்றவருக்கு அவர் பகைவருள் ஒருவர். எனினும் 1935இல் 484 கொலிந்தா மெட்டுக்களைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். அதற்கு நான்காண்டுகளுக்கு முன் எழுதிய கடிதமொன்றில், போர்களுக்கும் பிணக்குகளுக்கும் அப்பாற்பட்ட மக்களினங்களின் சகோதரத்துவமே தம் படைப்பை வழிநடத்தும் கருத்தென அவர் தெரிவித்திருந்தார்.

இவ்வமைப்புக்குக் குறையில்லை என்பதற்கில்லை. பியானோவிற் சொற்கள் ஒலிப்பதில்லை; மானாக மாறிய மைந்தரின் கதையை விரல்கள் சொல்லமாட்டா. 1935ஆம் ஆண்டு நூலிலும் மெட்டுக்களே வெளிவந்தன; பாடல்களின் சொற்பகுதி அவர் மறைந்த பின்னரே அச்சேறியது. ஆயினும், ஆளும் இனத்திற் பிறந்த ஒருவர் ஆளப்பட்டோரின் பாடலைத் தமதெனக் கவர்ந்துகொள்ளாமலும், தம் விருப்புக்குத் திருத்தாமலும், அவர்தம் பெயராலேயே வழங்கினார். ஒரு பாடலை நேசிப்பதற்கு அதற்கு உரிமை கோரவேண்டியதில்லை என்பதை இவ்விருபது சிறு உருப்படிகளும் உணர்த்துகின்றன. போர்க்காலத்தில் அதனைச் செய்துகாட்டியதே இத்தொகுதியின் வரலாற்றுச் சிறப்பாகும்.