பாதரசம் போன வழி

பெருவின் ஆண்டிஸ் மலைகளுக்குள், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹுவான்கவேலிகா. உருளைக்கிழங்கும் இச்சுப் புல்லும் வளரும் குளிர்ப்பிரதேசம். இங்கே ஒரு நகரம் எழுந்ததற்கும், அதை ஆள அதிகாரிகள் வந்து குவிந்ததற்கும் ஒரே காரணம் பாதரசம்.

பாதரசம் தரும் சிவப்பு நிறச் சாதிலிங்கக் கல்லை மலைமக்கள் வெகுகாலமாகச் சாயத்துக்குப் பயன்படுத்தி வந்தார்கள். 1560களில் அது ஸ்பானியர் கண்ணில் பட்டது. 1571இல் வைஸ்ராய் தொலேதோ காலத்தில் ஊர் நிறுவப்பட்டது. சுரங்கம் மன்னரின் சொத்தானது. சுற்றுவட்டார மாகாணங்கள் முறைவைத்து ஆள் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. 'மித்தா' எனப்பட்ட அந்தக் கட்டாய வேலைக்கும் நச்சுப்புகைக்கும் அஞ்சி ஊரைவிட்டே ஓடியவர்கள் ஏராளம்.

இச்சுப் புல்லை எரித்துக் கல்லைச் சூடாக்குவார்கள். ஆவி குளிர்ந்து பாதரசமாகச் சொட்டும். 1633இல் லோப்பே சாவெத்ரா பார்பா, களிமண் குழாய்களை ஒன்றோடொன்று கோத்து ஆவியைக் குளிரவைக்கும் அடுப்பை அமைத்தார். அந்த வடிவத்தை ஸ்பெயினின் அல்மாதேன் சுரங்கமே பிறகு எடுத்துக்கொண்டது.

பிறகு பயணம். தோல்பைகளில் கட்டி, லாமாக்களின் முதுகில் ஏற்றினார்கள். ஒரு குவிண்டால், அதாவது 46 கிலோ பாதரசம், மூன்றரை லிட்டர்கூடத் தேறாது. தையல் கொஞ்சம் விட்டால் போதும், வழியெல்லாம் காசு ஒழுகும். சிஞ்சா கரைவரை இறக்கம், அங்கிருந்து அரிக்காவரை கப்பல், மறுபடி 4,000 மீட்டர் உயரத்து வெள்ளிச் சுரங்க நகரமான பொதோசிக்கு ஏற்றம். அங்கே பொடித்த தாதுவோடும் உப்போடும் பிசைந்தால் வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். எத்தனை குவிண்டால் வாங்கினாய் என்று பார்த்தே, எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பாய், வரி எவ்வளவு என்று அதிகாரிகள் கணித்தார்கள். பாதரசத்தை மன்னர் தன் பிடியிலேயே வைத்திருந்தது சும்மா இல்லை.

பூமியின் வடிவத்தை அளக்கக் கீத்தோவுக்குப் போன குழுவில் இருந்த அறிஞர் அந்தோனியோ தெ உல்யோவா, 1758இல் இங்கே ஆளுநராக வந்தார். பூமியை அளந்தவருக்குச் சுரங்க முதலாளிகளின் கணக்குப் பிடிபடவில்லை. சண்டையும் வழக்குமாக 1764இல் வெளியேறினார்.

1776இல் விழுந்தது பெரிய அடி. பொதோசியைப் பெருவிலிருந்து பிரித்து, புவெனஸ் ஐரிஸைத் தலைநகராகக் கொண்ட புதிய வைஸ்ராய் ஆட்சியில் சேர்த்தார்கள். அல்மாதேன் பாதரசம் அந்தத் துறைமுகம் வழியாகவே பொதோசிக்குப் போகத் தொடங்கியது. ஹுவான்கவேலிகாவுக்கு 1784இல் இன்டெண்டன்சி, அதாவது தனி நிர்வாகப் பகுதி, என்ற அந்தஸ்து மட்டும் கிடைத்தது. இரண்டே வருடத்தில் ஊரின் பாதரசச் சுரங்கமான சாந்தா பார்பரா சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூரையைத் தாங்கிய தூண்களிலும் தாது இருந்ததால் அவற்றையும் செதுக்கி எடுத்திருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் பொலிவார் இந்தப் பகுதியை அயாகுச்சோவோடு சேர்த்தார். 1839இல் பெருவின் அதிபர் கமாரா திரும்பத் தனி மாவட்டமாக்கினார். பாதரசம் மட்டும் எல்லை மாறவில்லை. அடுப்புகள் கக்கியது மண்ணில் படிந்தது. அந்த மண்ணைக் குழைத்துச் செய்த பச்சைச் செங்கல் வீடுகளின் சுவரிலும் தரையிலும், ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டில் அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். குடும்பங்கள் இன்னும் அந்த வீடுகளில்தான் இருக்கின்றன.