வில்லனின் மீசை

தூத்துக்குடியில் என் தங்கை மகன் கணினி விளையாட்டில் நாஜிப் படையைச் சுட்டு வீழ்த்திக் கொண்டிருந்தான்.

"மாமா, 2017-இல் இந்த உல்ஃபென்ஸ்டீன் ஜெர்மனியில் வெளியானபோது ஹிட்லரின் மீசையை எடுத்து, பெயரையும் மாற்றிவிட்டார்கள்" என்றான்.

சுவஸ்திகா முதலிய நாஜிச் சின்னங்களுக்கு அங்கே சட்டத்தில் தடை. கலைக்கு உண்டான விலக்கை விளையாட்டுக்கும் தரலாமென்று 2018-இல்தான் இசைந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பெயரையும் முகத்தையும் மாற்றிவிட்டால், பிறகு குற்றவாளி யார்?

மறுநாள் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனோம். பழைய கோட்டையைக் கும்பெனியார் 1801-இல் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இன்று நிற்பது 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. ஆனால் கதைப்பாடலையும் கூத்தையும் எந்தப் பீரங்கியால் இடிக்க முடியும்?

"கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது யாரடா?" என்று கேட்டேன்.

"ஜாக்சன் துரை!"

பாவம், ஜாக்சன்! 1798-இல் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனை அவமதித்த கலெக்டர் அவர்தான். ஆனால் கும்பெனியே விசாரணை வைத்து அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டது. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்குத் தண்டனையை நிறைவேற்றியவர் மேஜர் பானர்மன். 1959-இல் வந்த திரைப்படத்தில் இருவருமே உண்டு. நம் மனத்தில் தங்கியவர் ஜாக்சன் மட்டுமே.

தணிக்கைக்காரர் வில்லனின் மீசையை மழிக்கிறார். கதை சொல்லும் நாங்களோ எல்லா மீசையையும் ஒரே முகத்தில் ஒட்டிவிடுகிறோம். இரண்டிலும் யாரோ ஒருவர் தப்பித்துக் கொள்கிறார்.

நானும் ஒரு கதையில் பழி முழுவதையும் ஜாக்சன் தலையில் சுமத்தியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் பானர்மனுக்கு உரியதை அவருக்கே கொடுத்துவிட வேண்டும்.