பூட்டு நம்மது, பெட்டி யாருது?

போன வருஷம் நியூ ஜெர்சியிலேர்ந்து டாலஸுக்கு வீடு மாத்தினோம். இந்தத் தடவை லாரியும் இல்லை, மூட்டை கட்டற ஆட்களும் இல்லை. ஒருத்தர் வண்டியில வந்தார். வீட்டு வாசல்ல ஒரு பெரிய பெட்டியை இறக்கி வெச்சார். 16 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி உயரம். "நீங்களே அடுக்குங்க, நீங்களே பூட்டுங்க, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். முடிஞ்சதும் போன் பண்ணுங்க, வந்து தூக்கிட்டுப் போறோம்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார்.

தங்கமணிக்கு ஒரே சந்தோஷம். அவசரமே இல்லை பாருங்க. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வந்து, தினம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு நாலு நாள் அடுக்கினோம். கனமான சாமான் எல்லாம் வண்டியோட தலைப்பக்கம் போகணும், எடை ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், தரையிலேர்ந்து கூரை வரைக்கும் இடைவெளி விடாம அடுக்கி பட்டையால இறுக்கிக் கட்டணும். இல்லேன்னா வழியில எல்லாம் ஆடும். கேஸ் சிலிண்டர், பெயின்ட், செடி இதெல்லாம் ஏத்தக் கூடாது. ஏழு வருஷம் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளயே வெச்சு வளர்த்த கறிவேப்பிலைச் செடியை ஒரு நண்பர் வீட்டுல விட்டுட்டு வந்தோம்.

கடைசியா கதவைச் சாத்தி பூட்டைப் போட்டு, சாவியை பாக்கெட்டுல போட்டப்போ ஒரு பெருமிதம். மொத்தக் குடித்தனமும் என் பாக்கெட்டுல இருக்கற மாதிரி :)

ஒரு வாரத்துல வரும்னு சொன்ன பெட்டி வரலை. போன் பண்ணினா, "உங்க பெட்டி பத்திரமா இருக்கு". எங்க இருக்கு? "எங்க கிடங்கு ஒண்ணுல இருக்கு, எதுன்னு பார்த்துச் சொல்றோம்". காலி வீட்டுல காத்து மெத்தையில படுத்துக்கிட்டு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டிருந்தேன். இந்தப் பெட்டிக்குள்ள வீட்டை வைக்கற யோசனை முதல்ல யாருக்கு வந்ததுன்னு தேட ஆரம்பிச்சது அப்பதான். தேடக் கிடைச்சது நான் நினைச்சதை விடப் பழைய கதை, சோகமான கதையும்கூட.

லண்டன்ல பெல்கிரேவியா பகுதியில மோட்கோம்ப் தெருன்னு ஒண்ணு இருக்கு. 1830 வாக்குல அங்க ஒரு பெரிய கட்டடம் கட்டினாங்க. முகப்புல பெரிய பெரிய கிரேக்கத் தூண்கள். பேரு பான்டெக்னிகான். கிரேக்கத்துல 'எல்லாக் கலைகளும்'னு அர்த்தம் வர்ற மாதிரி வெச்ச பேரு. கலைப்பொருள் விக்கற அங்காடியா ஆரம்பிச்சது. வியாபாரம் ஓடலை. அப்புறம் பணக்காரங்க வீட்டு சாமான்களைப் பத்திரமா வைக்கற கிடங்கா மாறிடுச்சு. சாமானை ஏத்திட்டு வர பெரிய மூடு வண்டிகள் செஞ்சாங்க. ஏத்தி இறக்க வசதியா தரைத்தளம் தாழ்வா இருக்கும், குதிரை இழுக்கும். அந்த வண்டிக்கே பான்டெக்னிகான்னு பேராகி, ஆங்கிலத்துல வீடு மாத்தற வண்டிக்கு அந்தச் சொல் நிலைச்சுடுச்சு.

இந்தக் கிடங்குக்கு அவங்க பண்ணின விளம்பரம் என்ன தெரியுமா? தீப்பிடிக்காத கட்டடம்! 1874 பிப்ரவரி 13ஆம் தேதி அது பத்திக்கிட்டு எரிஞ்சது. உள்ள இருந்த மரச்சாமான், ஓவியம், நகை எல்லாம் போச்சு. கிரேக்கத் தூண்கள் மட்டும் நின்னுது, இன்னிக்கும் நிக்குது. நம்பி வெச்சவங்ககிட்ட ரசீது இருந்திருக்கும். ரசீதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

அடுத்த கட்டம் லிஃப்ட் வேன். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தாச்சு. ஒரு குடும்பம் கண்டம் விட்டுக் கண்டம் போனா சாமானை வண்டியிலேர்ந்து ரயிலுக்கு, ரயில்லேர்ந்து கப்பலுக்குன்னு ஒவ்வொரு இடத்துலயும் இறக்கி ஏத்தணும். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணாடி உடையும், ஒரு மூட்டை காணாமப் போகும். அதனால வண்டியோட பெட்டியை மட்டும் சக்கரத்திலேர்ந்து தனியா கழட்டற மாதிரி செஞ்சாங்க. ஒரு சின்ன அறை அளவு மரப்பெட்டி. வீட்டு வாசல்ல அடைச்சுப் பூட்டினா, கிரேன் அப்படியே தூக்கி ரயில்லயும் கப்பல்லயும் வைக்கும். போய்ச் சேர்ற ஊர்ல வாசல்லதான் திறப்பாங்க. எங்க வீட்டு வாசல்ல இறங்கின பெட்டிக்கு இதுதான் நேரான பாட்டன்.

இந்த லிஃப்ட் வேனோட பேரு சரித்திரத்துல அழியாம நின்னது 1930கள்ல, ஜெர்மனியில. 1933ல ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதக் குடும்பங்கள் நாட்டை விட்டுக் கிளம்ப ஆரம்பிச்சாங்க. பணத்தை வெளியே கொண்டுபோக முடியாது. நாட்டை விட்டுப் போறதுக்கே ஒரு வரி, அது போக இன்னும் பல பிடுங்கல். கையில மிஞ்சறது வீட்டு சாமான்தான். கட்டில், தையல் மெஷின், புத்தகம், பாத்திரம், சிலர் வீட்டுல பியானோ. அதையெல்லாம் லிஃப்ட் வேன்ல அடைச்சு ஹாம்பர்க், பிரேமன் துறைமுகங்களுக்கு அனுப்பினாங்க.

சும்மா அடைச்சுட முடியாது. ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட்டு அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும். எத்தனை ஸ்பூன், எத்தனை துண்டு, எத்தனை ஜோடி காலுறை, 1933க்கு முன்னாடி வாங்கினதா பின்னாடி வாங்கினதா. புதுசா வாங்கின சாமானா இருந்தா அதோட விலை அளவுக்கே தனிக் கட்டணம் கட்ட வேண்டி வரும். 1939 பிப்ரவரியில தங்கம், வெள்ளி எல்லாத்தையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. கல்யாண மோதிரமும் சாப்பிடற கரண்டி கொஞ்சமும்தான் வெச்சுக்கலாம். சாமான் கட்டும்போது சுங்க அதிகாரி பக்கத்துலயே நிப்பார். கட்டி முடிச்சதும் அரசாங்க முத்திரை.

குடும்பம் ஒரு கப்பல்ல போகும், பெட்டி பின்னாடி இன்னொரு கப்பல்ல வரும். அப்படித்தான் ஏற்பாடு. முதல்ல கிளம்பினவங்க பலருக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. பாலஸ்தீனத்துல போய் இறங்கினவங்க சிலர் சாமானை எடுத்ததும் அந்த மரப்பெட்டியையே அறையாவும் கொட்டகையாவும் ஆக்கிக்கிட்டாங்க.

1939 செப்டம்பர்ல போர் வெடிச்சுது. கப்பல்கள் நின்னுது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் துறைமுகக் கிடங்குகள்ல தேங்கிப் போச்சு. ஆன்ட்வெர்ப், ரோட்டர்டாம் வரைக்கும் போன பெட்டிகளும் அங்கயே மாட்டிக்கிச்சு. நியூயார்க்குலயும் ஹைஃபாவுலயும் லண்டன்லயும் ஷாங்காய்லயும் மனுஷங்க பெட்டிக்குக் காத்துட்டிருந்தாங்க. பெட்டியை அனுப்பிட்டுத் தாங்க கிளம்ப முடியாமப் போனவங்களும் உண்டு.

ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்தப் பெட்டிகளைப் பறிமுதல் பண்ணுச்சு. 1941லேர்ந்து ஹாம்பர்க்ல பகிரங்க ஏலம். பத்திரிகையில விளம்பரமே வந்தது. வெளிநாட்டுல இருக்கற யூதர்களோட குடியுரிமையும் சொத்தும் ரத்துன்னு 1941 நவம்பர் 25ஆம் தேதி சட்டமாவே போட்டாங்க. ஏலத்துல வாங்கினவங்க யாரு? வியாபாரிகள் இருந்தாங்க, அருங்காட்சியகங்கள் இருந்துது. ஆனா பெரும்பாலும் அந்த ஊர்ச் சாதாரண ஜனங்கதான். குழந்தைக்குத் தொட்டில், படுக்கைக்கு விரிப்பு, நல்ல விலைக்குக் கிடைக்குதேன்னு வாங்கிட்டுப் போனாங்க. யாரு வீட்டுச் சாமான்னு அவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ரொம்ப நேரம் என்னால இந்த இடத்தைத் தாண்ட முடியலை.

போருக்கு அப்புறம், 1957ல, மேற்கு ஜெர்மனி இழப்பீட்டுக்குச் சட்டம் கொண்டுவந்தது. என்னென்ன பறிபோச்சுன்னு காட்டணுமே? கொள்ளையடிக்க வசதியா எழுதி வாங்கின பட்டியல்களே சாட்சியாச்சு. அதுல பலது இன்னும் காப்பகங்கள்ல இருக்கு. பிரேமர்ஹாஃபன்ல இருக்கற ஜெர்மன் கடல்சார் அருங்காட்சியகம் இந்தப் பெட்டிகளைப் பத்தி 'லாஸ்ட்லிஃப்ட்'னு ஒரு தரவுத்தளமே உருவாக்கியிருக்கு. எந்தப் பெட்டி யாருது, எந்தக் கிடங்குல இருந்தது, யாரு ஏலத்துல எடுத்தாங்கன்னு தேடிட்டிருக்காங்க.

மரப்பெட்டி இரும்புப் பெட்டி ஆனது அமெரிக்க ராணுவத்துல. இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச கொஞ்ச வருஷத்துல 'டிரான்ஸ்போர்ட்டர்'னு ஒண்ணு செஞ்சாங்க. எட்டரை அடி நீளம், 9,000 பவுண்டு கொள்ளும். எதுக்குன்னு நினைக்கறீங்க? பீரங்கிக்கு இல்லை. மாற்றல் ஆகிப் போற அதிகாரிகளோட வீட்டு சாமானுக்கு! அதுவே வளர்ந்து 1950கள்ல 'கானெக்ஸ்' ஆகி கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் தளவாடம் சுமந்துது. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி மால்கம் மெக்லீன் 58 கன்டெய்னர்களை 'ஐடியல் எக்ஸ்' கப்பல்ல ஏத்தி நெவார்க்கிலேர்ந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உலக வாணிபமே தலைகீழா மாறின கதை நமக்குத் தெரியும். எல்லாரும் அங்கேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு சோபா பெட்டிக்குள்ள ஏறி உக்காந்தாச்சுங்கறது எனக்குப் புதுசு.

சரி, வாசலுக்குத் திரும்புவோம். 1945ல சாம் ஷோயனும் அவர் மனைவியும் லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து போர்ட்லண்டுக்குக் குடிபோனாங்க. சாமான் வண்டியை ஒரு ஊர்ல வாடகைக்கு எடுத்து இன்னொரு ஊர்ல விட வழியே இல்லை. அந்த எரிச்சல்ல 5,000 டாலர் போட்டு ஆரம்பிச்சதுதான் யூ-ஹால். ஆனா வாடகை வண்டின்னா நாள் கணக்கு ஓடும். ஏத்தறது, ஓட்டறது, இறக்கறது எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்கணும்.

அந்த மூச்சுத் திணறலைத்தான் பீட்டர் வார்ஹர்ஸ்ட் உடைச்சார். தீயணைப்பு வீரரா இருந்தவர். 1998ல ஃப்ளோரிடா மாநிலம் கிளியர்வாட்டர்ல பாட்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சார். ஜனங்க கிடங்குக்கு வர வேண்டாம், கிடங்கே வீட்டு வாசலுக்கு வரட்டும், இதுதான் யோசனை. பெட்டியைச் சாய்க்காம, உள்ள இருக்கறது சரியாம, மட்டமாவே தூக்க ஒரு ஹைட்ராலிக் சட்டகம் வேணும். அதுக்கு 'பாட்ஸில்லா'ன்னு பேரு வெச்சாங்க. அடுக்க நாலு நாளோ நாலு மாசமோ உங்க இஷ்டம். யூ-ஹாலும் சும்மா இருக்கலை, அதே மாதிரி பெட்டி கொண்டுவந்துது. 'பாட்'ங்கற சொல் யாருக்குச் சொந்தம்னு வழக்கு போய், 2014ல யூ-ஹால் 6 கோடியே 7 லட்சம் டாலர் தரணும்னு ஜூரி சொன்னது. ஒரு சொல்லுக்கு :)

அடைக்கறதையும் ஓட்டறதையும் பிரிச்சதுதான் இந்தப் பெட்டியோட சாமர்த்தியம். அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வந்துடுது. அந்த இடைவெளியில பெட்டி இன்னொருத்தர் கிடங்குல இருக்கு. லண்டன்ல அந்த இடைவெளியில தீ புகுந்துது, ஹாம்பர்க்ல ஒரு அரசாங்கமே புகுந்துது. என் பெட்டி விஷயத்துல ஏதோ ஒரு கம்ப்யூட்டர் குளறுபடி. அவங்க பட்டதையும் நான் பட்ட பதினேழு நாள் எரிச்சலையும் ஒரே தட்டுல வைக்கலை, வைக்கவும் கூடாது. ஆனா சாவி கையில இருந்தா பொருளும் கையில இருக்குன்னு நம்பினேனே, அந்த நினைப்பு எவ்வளவு லேசானதுன்னு புரிஞ்சுது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்பாவுக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றல் வரும். பண்ட பாத்திரம் எல்லாம் லாரியில போகும், நாங்க பஸ்ல போவோம். அம்மா மடியில மட்டும் ஒரு துணிப்பை இருக்கும். சாமி படம், குத்துவிளக்கு, ஒரு டப்பா உப்பு, மஞ்சள், பால் காய்ச்ச ஒரு பாத்திரம். லாரி எப்போ வந்தாலும் வராட்டியும் அந்தப் பைதான் முதல்ல புது வீட்டுக்குள்ள போகும். "இதையும் லாரியிலயே போட்டா என்னம்மா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "லாரி வரலேன்னா?"ன்னாங்க. சம்பிரதாயம்னு நினைச்சுட்டிருந்தேன். அதுக்குள்ள ஒரு கணக்கும் இருந்திருக்கு.

பதினேழாம் நாள் பெட்டி வந்தது. பூட்டு அப்படியே இருந்தது. ஒரு மூலையில ஈரம் ஏறி ரெண்டு அட்டைப்பெட்டி ஊறிப் போயிருந்தது. அதுல ஒண்ணுல அப்பாவோட கணக்கு நோட்டுகள். 1971லேர்ந்து ரிடையர் ஆகற வரைக்கும் அரிசி, பால், ஸ்கூல் பீஸ், லாரி வாடகைன்னு தினம் எழுதினது. மசி பரவி நாலு நோட்டு படிக்கவே முடியலை. மிச்சத்தை மொட்டை வெயில்ல கொடியில போட்டுக் காய வெச்சேன். தங்கமணி ஒண்ணும் சொல்லலை, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவுல டிஷ்யூ வெச்சுக் கொடுத்துட்டே இருந்தாங்க.

இன்னொரு தடவை வீடு மாத்தினாலும் இந்த மாதிரிப் பெட்டியைத்தான் கூப்பிடுவேன், அதுல சந்தேகமே இல்லை. சோபாவும் கட்டிலும் அதுல தாராளமா போகட்டும். நோட்டு மட்டும் என் மடியில.

உங்க மடியில என்ன வெச்சுப்பீங்க? நேரம் கிடைக்கறப்போ எழுதுங்க மக்களே.